1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா? எம்ஆர்ஐ காந்தத்தின் வலிமை நோயாளிக்கு என்ன தருகிறது

சேலத்தில் ஸ்கேன் எடுக்க வருபவர்கள் சேலத்துக்காரர்கள் மட்டும் அல்ல. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவர்கள், ஆத்தூர், மேட்டூர், ராசிபுரம், அரூர் பக்கமிருந்து காலையில் முதல் பஸ் பிடித்து வருபவர்கள் என்று பலரும் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டில் சிலருக்கு ‘எம்ஆர்ஐ மூளை’ என்று மட்டும் இருக்கும். சிலருக்கு அதோடு ‘3 டெஸ்லா’ என்றும் இருக்கும். ஸ்கேன் சென்டர் விளம்பரங்களிலும் இந்த எண் பெரிய எழுத்தில் நிற்கிறது. கட்டணம் ஒரு சென்டரில் கூட, இன்னொன்றில் குறைவு. “அங்கே இருப்பது 1.5 தான், படம் தெளிவா வராது” என்பார் ஒருவர். “முதுகுவலிக்கு எதுக்கு 3 டெஸ்லா?” என்பார் இன்னொருவர்.

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எந்த நோய்க்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள, முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டெஸ்லா எதை அளக்கிறது?

டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு. பூமிக்கும் ஒரு காந்தப்புலம் உண்டு. சேலம் பகுதியில் அதன் வலிமை ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. அதாவது ஒரு டெஸ்லாவைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் 40 பங்கு. திசைகாட்டியின் முள்ளைத் திருப்ப அதுவே போதும். 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ அதைவிட 37,000 மடங்குக்கும் மேல் வலிமையானது. 3 டெஸ்லா என்றால் சுமார் 75,000 மடங்கு.

இயந்திரங்களை வலிமைப்படி இப்படிப் பிரிக்கலாம்: பக்கவாட்டில் திறந்திருக்கும் ‘ஓப்பன்’ வகை பெரும்பாலும் 1 டெஸ்லாவுக்குக் கீழே. மருத்துவமனைகளில் பரவலாக இருப்பது 1.5. உயர் வலிமை என்று இன்று சொல்லப்படுவது 3. அதற்கு மேலே 7 டெஸ்லா இருக்கிறது. அது பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில்.

1.5, 3 இரண்டிலும் காந்தம் உருவாவது ஒரே முறையில்தான். நியோபியம்-டைட்டானியம் உலோகக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடை என்பதே இல்லாமல் போகிறது. ஒருமுறை ஏற்றிவிட்ட மின்சாரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே கரண்ட் போனாலும், ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு விடுமுறை என்றாலும், அந்த அறையில் காந்தம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. இதைப் பிறகு மறுபடி பார்ப்போம், ஏனென்றால் விபத்துகள் இதை மறப்பதால்தான் நடக்கின்றன.

ஒரு பயத்தை இங்கேயே ஒதுக்கிவிடலாம். எக்ஸ்ரேயிலும் சிடி ஸ்கேனிலும் இருக்கும், செல்களைச் சேதப்படுத்தக்கூடிய அயனியாக்கும் கதிர்வீச்சு எம்ஆர்ஐயில் கிடையாது. “3 டெஸ்லாவில் கதிர்வீச்சு இரண்டு மடங்கு” என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு மடங்கு ஆவதற்கு அங்கே அந்தக் கதிர்வீச்சே இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

1. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீரும் கொழுப்பும். இரண்டிலும் ஹைட்ரஜன் அணுக்கள் ஏராளம். ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு புரோட்டான். அது மிக மிகச் சிறிய காந்தமாக நடந்துகொள்கிறது.

2. நோயாளி இயந்திரத்துக்குள் போனதும் இந்தப் புரோட்டான்களில் ஒரு பகுதி காந்தப்புலத்தின் திசையிலும், மறுபகுதி அதற்கு எதிர்த் திசையிலும் நிற்கின்றன. எதிரும் புதிருமாக நிற்பவை ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். மிஞ்சுவதுதான் படத்துக்கு உதவும். 1.5 டெஸ்லாவில் பத்து லட்சம் புரோட்டான்களில் மிஞ்சுவது ஏறக்குறைய 5. 3 டெஸ்லாவில் 10.

3. அடுத்து ஒரு ரேடியோ அலையைச் செலுத்துகிறார்கள். காந்த வலிமைக்கு ஏற்ற அதிர்வெண்ணில் அனுப்பினால்தான் புரோட்டான்கள் அசையும். 1.5 டெஸ்லாவுக்கு அது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவுக்கு சுமார் 128. நம் வீடுகளில் கேட்கும் கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வெளியே திரியும் ரேடியோ அலைகள் உள்ளே புகுந்து படத்தைக் கெடுக்காமலிருக்கத்தான் எம்ஆர்ஐ அறையின் சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் செப்புத் தகடு பதிக்கிறார்கள்.

4. ரேடியோ அலையை நிறுத்தியதும் புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சிக்னல் ஒன்றைத் தருகின்றன. உடம்பின் மேல் வைக்கும் ‘காயில்’ என்ற கருவி அதைப் பிடிக்கிறது. கொழுப்பு, தண்ணீர், வீங்கிய தசை, கட்டி என்று ஒவ்வொன்றும் திரும்பும் வேகம் வேறு. அந்த வேக வித்தியாசம்தான் படத்தில் கறுப்பு, வெளுப்பு, சாம்பல் ஆகிறது.

5. எந்த இடத்திலிருந்து சிக்னல் வந்தது என்று அறிய, இன்னும் சில சுருள்களை வேகவேகமாக ஆன் செய்து ஆஃப் செய்கிறார்கள். ‘டக் டக்’ என்று காதைப் பிளக்கும் அந்தச் சத்தம் இதிலிருந்து வருகிறது.

இந்த ஐந்தில் உயிர்நாடி இரண்டாவதுதான். பத்து லட்சத்துக்கு ஐந்து என்பது பத்து ஆனதற்குத்தான் கூடுதல் பணம் கட்டுகிறோம்.

சிக்னலும் இரைச்சலும்

காயில் பிடிப்பது சிக்னலை மட்டும் அல்ல. உடம்பின் வெப்பம், கருவியின் மின்சுற்று எல்லாம் சேர்ந்து ஓர் இரைச்சலையும் தருகின்றன. படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள் அந்த இரைச்சல்தான். எனவே பார்க்க வேண்டியது சிக்னல் எவ்வளவு என்பதை அல்ல, இரைச்சலைவிட அது எத்தனை மடங்கு என்பதை.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்று வழி உண்டு. அவர் சத்தமாகப் பேசலாம். சொன்னதையே நாலு முறை சொல்லலாம். அல்லது நாம் காதை அவர் வாய்க்கு அருகே கொண்டுபோகலாம். எம்ஆர்ஐயில் சத்தமாகப் பேசுவது காந்த வலிமை. திரும்பத் திரும்பச் சொல்வது ஸ்கேன் நேரம். காதை அருகே கொண்டுபோவது நல்ல காயில். விளம்பரப் பலகையில் எழுதுவது முதலாவதை மட்டும்.

இரண்டாவது வழியின் விலை அதிகம். இரைச்சல் ஒழுங்கில்லாமல் வருவது என்பதால், சிக்னல் விகிதத்தை இரண்டு மடங்காக்க நான்கு மடங்கு நேரம் அளக்க வேண்டும். 3 டெஸ்லாவில் 4 நிமிடத்தில் வரும் ஒரு படத்தை அதே தரத்தில் 1.5 டெஸ்லாவில் எடுக்க, கணக்குப்படி 16 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் அசையாமல் படுத்திருக்க யாரால் முடியும்? அசைந்தால் படமே கலங்கிவிடும்.

கணக்குப்படி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நடைமுறையில் முழு இரண்டு மடங்கு கிடைப்பதில்லை. வலிமை கூடும்போது திசுக்கள் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுக்கின்றன. உடம்பு சூடாகிவிடாமல் ரேடியோ அலையையும் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. இவை போக மிஞ்சும் லாபம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். அதுவே பெரிய லாபம்.

கூடுதல் சிக்னலை எதில் செலவழிக்கிறார்கள்?

இது பலரும் கவனிக்காத இடம். கூடுதல் சிக்னல் கையில் வரும் காசு மாதிரிதான். அதை இரண்டு இடத்தில் ஒரே சமயம் முழுதாகச் செலவழிக்க முடியாது.

முதல் வழி, படத்தை நுணுக்கமாக்குவது. 4 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்த படத்தை 2 மில்லிமீட்டராக மெலிதாக்கினால், ஒவ்வொரு துண்டிலும் இருக்கும் புரோட்டான்கள் பாதியாகும், சிக்னலும் பாதியாகும். 3 டெஸ்லாவில் அந்த இழப்பைத் தாங்க முடியும்.

இரண்டாவது வழி, நேரத்தைக் குறைப்பது. சிறு குழந்தைகள், கை நடுக்கம் உள்ள பெரியவர்கள், வலியால் மல்லாந்து படுக்க முடியாதவர்கள், குகைக்குள் போனதுபோல் மூச்சு முட்டுகிறது என்பவர்கள் ஆகியோருக்கு 30 நிமிடம் 15 ஆவது பெரிய விஷயம்.

மையம் எந்த வழியைத் தேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே பலன். ஒரு நாளைக்கு இன்னும் சில நோயாளிகளைப் பார்க்கலாம் என்று நேரத்தைக் குறைப்பதிலேயே எல்லாச் சிக்னலையும் செலவழித்துவிட்டால், பலகையில் 3 டெஸ்லா இருக்கும், படம் நல்ல 1.5 டெஸ்லாவின் தரத்தில்தான் இருக்கும். அது தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் நுணுக்கம் வேண்டி அங்கே போனவருக்கு அது கிடைத்திருக்காது.

வித்தியாசம் உண்மையில் தெரியும் நோய்கள்

வலிப்பு நோயில்தான் 3 டெஸ்லாவின் பயன் மிகத் தெளிவாகத் தெரிகிறது. மருந்து சாப்பிட்டும் வலிப்பு நிற்காதவர்களில் சிலருக்கு, மூளையின் ஒரு சிறு இடத்தில் பிறவியிலேயே அடுக்கு ஒழுங்காக அமைந்திருக்காது. மூளையின் மேலுறை அந்த இடத்தில் கொஞ்சம் தடித்திருக்கும்; அதற்கும் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதிக்கும் நடுவிலுள்ள கோடு மங்கலாக இருக்கும். அவ்வளவுதான் அடையாளம். 5 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்த படத்தில் இது நழுவிப் போகும். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வரும். சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் வல்லுநர் குழு 2019-ல் வெளியிட்ட பரிந்துரை, முப்பரிமாணத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நுணுக்கமாக எடுக்கச் சொல்கிறது. 3 டெஸ்லாவில் இது சுலபம். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அறுவை சிகிச்சை செய்ய முடியுமா என்று யோசிக்கலாம். கண்டுபிடிக்காவிட்டால் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்ப்பதோடு கதை நிற்கும். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கிப்போவதால் வரும் வலிப்பிலும் இதே நிலைமைதான். எனவே வலிப்பு நோய்க்கு நரம்பியல் மருத்துவர் ‘3 டெஸ்லா, வலிப்பு புரோட்டோகால்’ என்று எழுதினால் அதை மாற்றி எடுக்காதீர்கள். இதில் எந்தெந்தப் படத்தை எப்படி எடுப்பது என்று சொல்லும் ‘புரோட்டோகால்’ என்ற பாதி, ‘3 டெஸ்லா’ என்ற பாதியைவிடக் கொஞ்சமும் குறைந்தது அல்ல.

நம் பக்கத்தில் வலிப்புக்கு இன்னொரு காரணம் நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்குவது. அந்தக் கட்டிக்குள் புழுவின் தலை புள்ளியாகத் தெரிந்தால் நோய் உறுதி. பெரும்பாலும் இதற்கு 1.5 டெஸ்லாவே போதும். மெல்லிய துண்டுகளாக எடுத்தால் அந்தப் புள்ளி இன்னும் நன்றாகத் தெரியும்.

மூளையில் ஏற்படும் மிகச் சிறிய ரத்தக்கசிவுகள் அடுத்தது. ரத்தம் கசிந்த இடத்தில் இரும்புச்சத்து தங்கிவிடுகிறது. அது சுற்றியிருக்கும் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். காந்தம் வலுவாக இருந்தால் அந்தக் கலைப்பும் பெரிதாகத் தெரியும். நீண்ட நாள் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் ஆகியோரிடம் 1.5 டெஸ்லாவில் தெரியாத கறுப்புப் புள்ளிகள் 3 டெஸ்லாவில் தெரிவது இதனால்தான்.

ஊசி மருந்து போடாமலே மூளை ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. 3 டெஸ்லாவில் சுற்றியுள்ள திசு நன்றாக இருண்டு, ஓடும் ரத்தம் மட்டும் பளிச்சென்று நிற்கும். சிறிய கிளைகளும், குழாயில் பலூன்போல் புடைத்திருக்கும் இடங்களும் தெளிவாகும்.

புராஸ்டேட் சுரப்பி சிறியது, உடம்பின் நடுவில் ஆழத்தில் இருப்பது. பழைய இயந்திரங்களில் போதிய சிக்னல் கிடைக்காமல், மலக்குடல் வழியாக ஒரு காயிலைச் செருகி எடுத்த காலம் உண்டு. 3 டெஸ்லாவில் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே 3 டெஸ்லா உள்ள இடத்தைத் தேடிப் போகலாம்.

மணிக்கட்டு, விரல், கணுக்கால் மூட்டுகளின் மெல்லிய தசைநார்கள், மூட்டைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சில மில்லிமீட்டர் கட்டிகள், முகத்தில் மின்னல்போல் வெட்டும் வலியைத் தரும் நரம்பு, உள்காது ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். எல்லாவற்றுக்கும் பொது அம்சம் ஒன்றுதான்: பார்க்க வேண்டிய பொருள் சிறியது.

ஸ்பெக்ட்ரோஸ்கோபி மட்டும் கொஞ்சம் வேறு வகை. இது படம் அல்ல. ஒரு கட்டிக்குள் என்னென்ன வேதிப்பொருட்கள் இருக்கின்றன என்று காட்டும் வரைபடம். ஒவ்வொரு வேதிப்பொருளும் சற்றே வேறு அதிர்வெண்ணில் சிக்னல் தருகிறது. கொழுப்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளி 1.5 டெஸ்லாவில் சுமார் 220 ஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் 440. இடைவெளி அகலமாவதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த முகடுகள் பிரிந்து தெரிகின்றன. மூளையில் இருப்பது புற்றுக்கட்டியா, சீழ்க்கட்டியா, காசநோய்க் கட்டியா என்ற குழப்பத்தில் இது கைகொடுக்கும்.

1.5 டெஸ்லா போதும் என்ற இடங்கள்

முதுகுவலி, கால் குடைச்சல், ஜவ்வு விலகல். மலைத்தோட்டத்தில் சுமை தூக்குபவர், தறியில் நாள் முழுக்க நிற்பவர் என்று நம் ஊரில் எம்ஆர்ஐ எடுப்பவர்களில் பலர் இந்த வகை. ஜவ்வு எவ்வளவு பிதுங்கியிருக்கிறது, எந்த நரம்பை அழுத்துகிறது என்பதை 1.5 டெஸ்லா தெளிவாகவே காட்டும். இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பைக்கிலிருந்து விழுந்து முழங்காலின் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்ததா, மெனிஸ்கஸ் என்ற மெத்தைக் குருத்தெலும்பு கிழிந்ததா என்று பார்ப்பதற்கும் அப்படித்தான். இரண்டு வலிமையிலும் கண்டுபிடிக்கும் திறனில் பெரிய வேறுபாடு இல்லை. குருத்தெலும்பின் தேய்மானத்தை நுணுக்கமாக அறியத்தான் 3 உதவும்.

இதய எம்ஆர்ஐயையும் வயிற்றிலிருக்கும் சிசுவின் எம்ஆர்ஐயையும் பல மருத்துவர்கள் 1.5-ல்தான் எடுக்க விரும்புகிறார்கள். படம் சீராக வரும், சூடும் குறைவு.

பக்கவாதம் தனி விஷயம். அங்கே எதிரி நேரம். ஏற்காட்டில் ஒருவருக்கு வாய் கோணி, கை விழுந்துவிட்டது என்றால், மலை இறங்கவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முதலில் எடுப்பது பெரும்பாலும் சிடிதான். அந்த நேரத்தில் டெஸ்லாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

வலிமை கூடும்போது வரும் தொந்தரவுகள்

1. சூடு. ரேடியோ அலையின் ஆற்றலில் ஒரு பகுதி உடம்பில் வெப்பமாகிறது. இது காந்த வலிமையின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறும். வலிமை இரண்டு மடங்கானால் அதே வகைப் படத்துக்குச் சூடு நான்கு மடங்கு. சாதாரண நிலையில் உடம்பு முழுதுக்கும் கிலோவுக்கு 2 வாட் என்ற வரம்பை இயந்திரமே கணக்கிட்டுப் பார்க்கும். தாண்டினால் ஸ்கேனை அனுமதிக்காது. நோயாளியின் எடையைச் சரியாகக் கேட்டு எழுதுவது இதற்காகத்தான். தோராயமாகச் சொல்லிவிடாதீர்கள்.

2. உலோகத்தின் நிழல். காலில் தகடு, முதுகெலும்பில் ராடு, இடுப்பில் செயற்கை மூட்டு இருந்தால் அதைச் சுற்றிப் படம் கறுத்தும் வளைந்தும் போகும். 3 டெஸ்லாவில் அந்த நிழல் இன்னும் பரவும். டைட்டானியத்தில் குறைவு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அதிகம். இவர்களுக்கு 1.5 டெஸ்லாதான் நல்ல படம் தரும். கூடுதல் பணம் கொடுத்து மோசமான படத்தை வாங்குவது இந்த ஒரு இடத்தில் நடக்கக்கூடும்.

3. வயிற்றில் இருட்டுத் திட்டு. 3 டெஸ்லாவின் ரேடியோ அலை உடம்புக்குள் நுழையும்போது அதன் அலைநீளம் 30 சென்டிமீட்டருக்கும் கீழே, அதாவது நம் வயிற்றின் அகலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அலைகள் ஒன்றோடொன்று மோதிச் சில இடங்களில் ரத்தாகி, படத்தின் நடுவில் இருட்டுத் திட்டு விழும். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களிடம் இது அதிகம். புதிய இயந்திரங்கள் இரண்டு பக்கமிருந்து அலையைச் செலுத்தி இதைப் பெருமளவு சரிசெய்கின்றன.

4. சத்தம். காந்தம் வலுத்தால் சுருள்களின் அதிர்வும் வலுக்கும். காதுக்குப் பஞ்சோ ஹெட்போனோ கொடுக்காமல் உள்ளே அனுப்பினால் கேட்டு வாங்குங்கள்.

காந்த அறையும் நம் ஊர் உலோகங்களும்

கஞ்சமலையின் மேக்னடைட் தாது காந்தத்தில் ஒட்டும் என்பதும், அதன் அடிவாரத்து இரும்பாலையில் உருவாகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒட்டும் ரகமும் ஒட்டாத ரகமும் உண்டு என்பதும் சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. சமையல் பாத்திரங்களில் பரவலாக இருக்கும் 304 ரகம் ஒட்டாது என்றே சொல்லலாம். 430 ரகம் ஒட்டும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் ஒட்டும் ரகம். எனவே ‘ஸ்டீல்தானே, ஒன்றும் ஆகாது’ என்ற நினைப்போடு எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

புதிய இயந்திரங்களில் காந்தப்புலம் வெளியே பரவாதபடி கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். இதில் ஒரு ஆபத்து மறைந்திருக்கிறது. வாசல் அருகே நிற்கும்போது கையிலிருக்கும் இரும்பு இழுபடுவதே தெரியாது. இன்னும் சில அடி முன்னே வைத்தால், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போய் இழுபட்டு உயிரிழந்தார். ஸ்கேன் ஓடாதபோது காந்தம் இருக்காது என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. அப்படியிருந்தும் சேலத்துக் கொலுசைக் கழற்றச் சொல்கிறார்களே, ஏன்? வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வளையமாக இருக்கும் உலோகத்தில் ரேடியோ அலை மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்கலாம். மெட்டி, அரைஞாண், தாயத்து, தாலிச் சங்கிலி எல்லாவற்றுக்கும் இதே காரணம்தான். கொலுசின் திருகில் இரும்பு கலந்திருந்தால் இரண்டு காரணம். ஜரிகைப் பட்டோடு உள்ளே விடாமல் மருத்துவமனை கவுன் கொடுப்பதும் இதற்காகத்தான். புடவை மடிப்பில் குத்தியிருக்கும் ஊக்கையும் கொண்டை ஊசியையும் பெண்கள் தாங்களே மறந்துவிடுவார்கள்; கூட வருபவர் ஞாபகப்படுத்துவது நல்லது. கைகளைக் கோத்துக்கொண்டு படுத்தால் உடம்பே ஒரு வளையம் ஆகிவிடும் என்பதால், கைகளைப் பிரித்துவைத்து நடுவில் துணி வைப்பார்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர், காதில் காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் கிளிப் உள்ளவர்கள் அந்தக் கருவியின் அட்டையைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். பல கருவிகளுக்கு 1.5 டெஸ்லா வரை மட்டும் அனுமதி இருக்கிறது. 1.5-ல் பிரச்சினை இல்லாமல் எடுத்தேன் என்பது 3-ல் எடுக்க உத்தரவாதம் ஆகாது.

3-க்கு மேலே

2017-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 7 டெஸ்லா இயந்திரம் ஒன்றை மூளைக்கும் கை கால்களுக்கும் முதல்முறையாக அனுமதித்தது. பிரான்ஸில் 11.7 டெஸ்லா இயந்திரத்தில் எடுத்த மனித மூளையின் படங்கள் 2024-ல் வெளிவந்தன. அதன் காந்தத்தின் எடை மட்டும் 132 டன். 3 டெஸ்லாவில் சொன்ன தொந்தரவுகள் அத்தனையும் அங்கே பெரிதாகின்றன. தலையை அசைத்தாலே கிறுகிறுப்பு வரும். நம் ஊர் நோயாளிக்கு இப்போதைக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எதிர்த் திசையில் நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாதாரண இயந்திரத்துக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேல் திரவ ஹீலியம் வேண்டும். இந்தியா அதை இறக்குமதிதான் செய்கிறது. இப்போது 7 லிட்டர் ஹீலியத்தில் ஓடும் 1.5 டெஸ்லா வந்துவிட்டது. பெங்களூரில் வாக்ஸல்கிரிட்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே 1.5 டெஸ்லா இயந்திரத்தை உருவாக்கியிருக்கிறது. அப்புறம் செயற்கை நுண்ணறிவு. இரைச்சலைக் கணினியே பிரித்தெடுக்கும் மென்பொருட்களால், நேற்று வந்த 1.5 டெஸ்லா பத்து வருடம் பழைய 3 டெஸ்லாவோடு பல பரிசோதனைகளில் போட்டி போடும். பலகையில் இயந்திரத்தின் வயதை யாரும் எழுதுவதில்லை.

ஸ்கேனுக்குப் போகுமுன் கேட்க வேண்டியவை

1. டாக்டரிடம்: “எனக்கு 3 டெஸ்லாதான் வேண்டுமா, எது இருந்தாலும் பரவாயில்லையா?” காரணம் சொல்லாத டாக்டர் குறைவு, கேட்காத நோயாளிதான் அதிகம்.

2. சென்டரில்: இந்த உறுப்புக்கென்று தனிக் காயில் இருக்கிறதா? மணிக்கட்டுக்கு மணிக்கட்டுக் காயில் போட்டு எடுக்கும் 1.5 டெஸ்லா, பொதுக் காயில் போட்டு எடுக்கும் 3 டெஸ்லாவைத் தோற்கடிக்கலாம்.

3. ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் யார்? நரம்பு, மூட்டு, புராஸ்டேட் என்று அந்தத் துறையில் பழகிய கண் பார்ப்பது பெரிய வித்தியாசம்.

4. படம் துலங்க உதவும் கான்ட்ராஸ்ட் ஊசி போடுவார்களா? போடுவதாக இருந்தால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

5. கட்டணம்: அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் தனியாரைவிடக் குறைவு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சில பரிசோதனைகளும் அடங்கும். உங்களுக்கு எழுதியது அதில் வருகிறதா என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டு வெளியே போங்கள்.

மூச்சு முட்டும் பயம் உள்ளவர்கள் டெஸ்லாவைக் கேட்காமல் சுரங்கத்தின் அகலத்தைக் கேட்க வேண்டும். 60 சென்டிமீட்டரும் உண்டு, 70-ம் உண்டு. 1.5, 3 இரண்டிலும் இரண்டு அகலமும் கிடைக்கும்.

பழைய படத்தோடு ஒப்பிடும்போது

நோயை வருடா வருடம் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிப்பவர்களுக்கு இது முக்கியம். போன வருடம் 1.5-ல் எடுத்தபோது மூளையில் ஆறு புள்ளி, இந்த வருடம் 3-ல் எடுத்தபோது ஒன்பது. நோய் முற்றிவிட்டது என்று வீடே கலங்கிப்போகும். கூடுதலாகத் தெரியும் மூன்றும் போன வருடமே இருந்து, அந்த இயந்திரத்துக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அல்லது உண்மையிலேயே புதிதாக வந்திருக்கலாம். ரிப்போர்ட்டின் எண்ணிக்கையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ரேடியாலஜிஸ்ட் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்களில் முடிந்தவரை ஒரே இயந்திரத்தில், ஒரே புரோட்டோகாலில் தொடர்ந்து எடுக்கச் சொல்வது இதனால்தான். ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், படங்களைப் பதிந்து தரும் டிஸ்க்கையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஃபிலிமில் அச்சாவது தேர்ந்தெடுத்த சில படங்கள். ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக எடுத்த நூற்றுக்கணக்கான படங்களும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன. 3 டெஸ்லாவுக்குக் கட்டிய கூடுதல் பணத்துக்கான பலனும் அதற்குள்தான் இருக்கிறது.